ரங்கூனில் உயரக் கட்டடங்களுக்கு எது இடம்?

ரங்கூன் (இப்போதைய யாங்கோன்) டவுனில் இனி வரப்போகும் உயரக் கட்டடங்களை எங்கே அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: காளி கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எட்டு மாடி நிற்கும் இடத்தில் இருபத்தைந்து மாடி கட்டினால் எல்லோருக்கும் வீடு கிடைக்குமே, பெரியவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? நியாயமான கேள்விதான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசராக இருந்தவன். பிறந்து வளர்ந்தது அனோரத்தா சாலையை ஒட்டிய ஒரு நம்பர் தெருவில், அதாவது பெயருக்குப் பதில் எண் வைத்த குறுகிய தெருவில். அதனால் தொழில் தெரிந்தவனாகவும் அந்தத் தெருக்காரனாகவும் சொல்கிறேன்.

என் பதில் இது. உயரக் கட்டடம் வேண்டும், ஆனால் நம்பர் தெருக்களுக்குள் வேண்டாம். அவற்றுக்கு இடம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே கிடக்கும் ரயில்வே நிலம். அகலமான பெரிய சாலைகளின் முனைகளில் நடுத்தர உயரம் வரை விடலாம். பௌத்தர்களின் தங்க ஷ்வேடகோன் பகோடாவைப் பார்க்கும் பாதையிலும், ஆற்றங்கரையின் முதல் வரிசையிலும் கூடாது.

முதலில் இந்த ஊர் எப்படிப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1852-ல் நடந்த இரண்டாவது ஆங்கிலோ-பர்மியப் போருக்குப் பிறகு, மாண்ட்கமரி என்ற டாக்டரும் பிரேசர் என்ற ராணுவப் பொறியாளரும் சூலே பகோடாவை நடுவில் வைத்து இந்தக் கட்டம் கட்டமான வரைபடத்தைப் போட்டார்கள். நம் தாத்தாக்கள் வாயில் அனோரத்தா சாலை பிரேசர் தெருவாகவும் போஜோ அவுங் சான் சாலை மாண்ட்கமரி தெருவாகவும் இருந்தது அவர்கள் பெயரால்தான். ஒவ்வொரு கட்டமும் 800 அடிக்கு 860 அடி. பெரிய சாலை 100 அடி அகலம், பெயர் வைத்த நடுத்தரத் தெரு 50 அடி, நம்பர் தெரு 30 அடி. ஒரு பெரிய சாலை, இரண்டு நம்பர் தெரு, ஒரு நடுத்தரத் தெரு, மறுபடி இரண்டு நம்பர் தெரு, அப்புறம் பெரிய சாலை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

அந்த 30 அடியைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது வீட்டுச் சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரைக்குமான அகலம். நடைபாதை, சாக்கடை எல்லாம் அதற்குள்தான். இரண்டு மூன்று மாடி வீடுகளுக்குப் போட்ட அளவு அது. 1990களில் காண்ட்ராக்டர்கள் வந்து, மனைக்காரருக்குப் பாதி, தங்களுக்குப் பாதி என்று பேசி, பழைய வீடுகளை இடித்து ஆறு, ஏழு, எட்டு மாடி அடுக்குகளை எழுப்பினார்கள். பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. மேலே போகப் போக விலை குறையும் ஊர் இது. லிஃப்ட் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் தலைகீழாகத் தெரியும்.

எட்டு மாடி என்றால் சுமார் 85 அடி உயரம். 30 அடித் தெருவின் இரண்டு பக்கமும் 85 அடிச் சுவர். நம்பர் தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதால், கணக்குப் போட்டுப் பார்த்தால், நடுப்பகலை ஒட்டி இரண்டரை மணி நேரம் போல வெயில் தரையைத் தொடும். அதே தெருவில் இரு பக்கமும் இருபத்தைந்து மாடி எழுப்பினால் அது ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஐந்து மாதத்துக்கு மேல் மழை பெய்து சுவரெல்லாம் பாசி பிடிக்கும் ஊரில் வெயில் எவ்வளவு முக்கியம் என்று, ஈரத்துணி காயாமல் தவித்த எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவார்.

நெருப்பு இன்னும் பெரிய விஷயம். 2011-க்குப் பிறகு கார் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. இன்றைக்கு நம்பர் தெருக்களின் இரண்டு ஓரமும் கார் நிற்கிறது, நடுவில் மிஞ்சுவது ஒரு கார் போகும் வழி. தீயணைப்பு ஏணி வண்டி தெருவுக்குள் நுழைந்தாலே போதாது. நான்கு கால்களையும் பக்கவாட்டில் விரித்து ஊன்றினால்தான் ஏணியைத் தூக்க முடியும். அதற்கே பதினாறு, பதினெட்டு அடி வேண்டும். எட்டு மாடியில் தீப்பிடித்தால் மாடிப்படி வழியாகவோ, மொட்டை மாடி வழியாக அடுத்த கட்டடத்துக்குத் தாண்டியோ ஆட்கள் தப்பித்துக்கொள்ள முடியும். இருபதாவது மாடியிலிருந்து எங்கே தாண்டுவது?

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளைதான், பால்கனியிலிருந்து தொங்கும் கயிறு நினைவிருக்கும். நுனியில் ஒரு இரும்பு கிளிப், பக்கத்தில் சின்ன மணி. பேப்பர்காரர் கீழிருந்து கயிற்றை ஆட்டுவார், மணி அடிக்கும், அம்மா இழுப்பாள். பால், கொத்தமல்லி, சாயங்காலம் கடலை எல்லாம் கிளிப்பில் தொங்கும் பையில் ஏறி வரும். காசு அதே கயிற்றில் இறங்கும். "அண்ணே, மிச்சம் ரெண்டு ரூபா நாளைக்கு" என்று அம்மா மேலிருந்து கத்தினால் கீழே கேட்கும், பதிலும் வரும். வயசான மனுஷி நாள் முழுக்கப் படி இறங்காமல் தெருவோடு பேசிக்கொண்டு வாழ்ந்தது அப்படித்தான். இது ஏழெட்டு மாடி வரைக்கும்தான் நடக்கும். அதற்கு மேல் கயிறும் எட்டாது, குரலும் எட்டாது. நம்பர் தெருக்களுக்கு இப்போதிருக்கும் உயரமே எல்லை என்று நான் சொல்வதற்கு வெயில், தீ ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணம்.

தரைக்கு மேலே இவ்வளவு. தரைக்குக் கீழே போனால் விஷயம் இன்னும் மோசம். டவுனின் கழிவுநீர்க் குழாய்கள் 1880களின் கடைசியில் போடப்பட்டவை. தட்டையான தாழ்ந்த நிலம் என்பதால் கழிவு தானாக ஓடாது. காற்றழுத்தத்தால் தள்ளிவிடும் முறையை வெள்ளைக்காரர்கள் அமைத்தார்கள். அது சுமார் 40,000 பேருக்காகப் போட்ட கணக்கு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 2014 கணக்கெடுப்பில் நகரத்தில் மட்டும் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டவுனுக்கு அடியில் மட்டும் அதே பழைய அமைப்பு, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு. மழைநீர்ச் சாக்கடையின் கதை வேறு. ஆற்றில் கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் கனமழை பிடித்தால் தண்ணீர் வெளியேற வழியின்றித் தெருவிலேயே நிற்கும். ஒரு மனையில் எட்டுக் குடும்பம் இருந்த இடத்தில் இருபத்தைந்து குடும்பம் வந்தால் அத்தனை பேரின் கழிவும் எங்கே போகும் என்பதை அனுமதி கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போனால் எட்டாவது மாடிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார். இருபதாவது மாடிக்காரர் ஜெனரேட்டரை நம்பி இருக்க வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், மாதாமாதம் பராமரிப்புப் பணம் வேண்டும். அதைக் கட்ட முடிந்தவர்கள்தான் அங்கே குடியிருக்க முடியும்.

இப்போது மண். டவுன் கட்டப்பட்டது ஆற்றோரச் சதுப்பில். ஏற்றத்தில் தண்ணீர் நுழையும் ஓடைகளைத் தூர்த்து, மண் கொட்டி மேடாக்கி, மனைகளை விற்ற பணத்திலேயே அந்த வேலையைச் செய்தார்கள். பழைய செங்கல் வீடுகளுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. செங்கலை அகலமாகப் பரப்பி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, தேக்கு உத்தரம் போட்டு எழுப்பியவை. நூறு வருஷம் அசையாமல் நிற்கும். பக்கத்தில் யாரும் தோண்டாத வரைக்கும்.

எங்கள் குடும்பம் அந்த அடுக்கு மாடிக்குப் போவதற்கு முன் இருந்த பழைய வீட்டில் இது நடந்தது. பக்கத்து மனையில் ஒரு காண்ட்ராக்டர் அடித்தளத்துக்குக் குழி தோண்டினார். நாலு அடியிலேயே தண்ணீர். இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தலைமயிர் போல ஒரு விரிசல். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது தொழிலுக்குப் புதிது. பெரிய மேஸ்திரி ஒருவர் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். விரல் அகலத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒன்றை வெட்டி, விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். விரிசல் ஒரு மயிரிழை விரிந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒன்பதாம் நாள் காலையில் அம்மா கூடத்தைப் பெருக்கும்போது அந்தக் கண்ணாடியின் பாதி தரையில் கிடந்தது. குழிக்குள் இறைத்த தண்ணீர் எங்கள் வீட்டுக்கு அடியில் இருந்த தண்ணீர். அது போனதும் மண் அமுங்கியது, சுவர் அதோடு இறங்கியது. காண்ட்ராக்டர் ஒரு மூட்டை சிமெண்ட் கொடுத்தனுப்பினார். அதற்கு மேல் எதுவும் இல்லை. அன்றிலிருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டுச் சுவரைத்தான்.

எட்டு மாடிக்கே இந்தப் பாடு. இருபத்தைந்து மாடிக்கு ஆழமான பைல்கள், அதாவது மண்ணுக்குள் இறக்கும் தூண்கள், வேண்டும், கார் நிறுத்த நிலத்தடித் தளங்கள் வேண்டும். இருபத்தைந்து அடிக்கு ஐம்பது அடி மனையில், இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர்களோடு, அதைப் பத்திரமாகத் தோண்ட வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழி இருக்கிறது. ஆனால் அந்தச் செலவைச் சின்ன மனையில் யாரும் செய்வதில்லை, செய்யாமல் கட்டுகிறார்கள்.

நிலநடுக்கம் வேறு இருக்கிறது. நிலநடுக்கம் உண்டாக்கும் சகாயிங் நிலப் பிளவு ரங்கூனுக்குக் கிழக்கே அதிக தூரமில்லாமல் வடக்கு தெற்காகப் போகிறது. 1930 மே மாதம் அந்தப் பிளவு அசைந்தபோது பெகு நகரம் நொறுங்கியது, ஷ்வேமோடோ பகோடா விழுந்தது, ரங்கூனிலும் கட்டடங்கள் இடிந்து ஆட்கள் செத்தார்கள். 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் 7.7 அளவில் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேலான ஒரு அரசுக் கட்டடம் நொடிகளில் சரிந்தது. அங்கே மற்ற கோபுரங்கள் நின்றன. அதனால் அந்தக் கட்டடத்தை வடிவமைத்த விதமும் கட்டிய விதமும் விசாரணைக்கு வந்தன. ஆனால் மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. தூரத்து அதிர்ச்சியின் மெதுவான அலை மெத்தென்ற களிமண்ணில் பெருகும், உயரமான கட்டடம் அந்த அலையோடு சேர்ந்து ஆடும். சின்னக் கட்டடத்தை அது அவ்வளவு ஆட்டுவதில்லை. நம் ஆற்றோர மண்ணும் அந்த ஜாதிதான். பாங்காக்கின் சிக்கலோடு, பிளவு பக்கத்திலேயே இருக்கும் சிக்கலும் நமக்குச் சேர்ந்திருக்கிறது.

இந்த ஊரில் கெட்டியான மண் எங்கே என்று பார்த்தால், நடுவில் வடக்கு தெற்காக ஒரு செம்மண் மேடு ஓடுகிறது. ஷ்வேடகோன் உட்கார்ந்திருக்கும் சிங்குத்தரா குன்று அதன் மேல்தான். அந்த மேட்டின் இரண்டு பக்கமும் ஆற்று வண்டல். ஆக, கோபுரம் தாங்கும் நல்ல மண் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டினால் பகோடா மறையும். பகோடா மறையாத இடத்தில் மண் மெத்து. இந்த ஊரின் உயரக் கட்டடப் பிரச்சினையின் முடிச்சே இதுதான்.

பகோடாவைப் பற்றி நம் ஆட்கள் சிலர் "அது அவங்க கோவில், நமக்கென்ன" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. எதிர்க்கரையில் உள்ள தலா ஊரிலிருந்து படகில் வரும்போது தூரத்தில் தங்கம் மினுங்கினால்தான் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று எனக்கும் தோன்றும். நகர விதிப்படி எந்தக் கட்டடமும் கடல் மட்டத்திலிருந்து 127 மீட்டருக்கு, அதாவது 417 அடிக்கு மேல் போகக் கூடாது. பகோடா உச்சியின் உயரத்தில் முக்கால்வாசி அது. நல்ல விதி. ஆனால் ஊர் முழுக்க ஒரே எண் என்பதில் ஒரு குறை உண்டு. பகோடாவுக்குப் பக்கத்தில் அதில் பாதி உயரமே பார்வையை மறைத்துவிடும். தள்ளிப்போனால் அந்த முழு உயரமும் உறுத்தாது. 2015-ல் பகோடாவுக்கு அருகே ராணுவத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் தொடங்கிய பெரிய திட்டங்கள், மக்களும் பிக்குகளும் எதிர்த்த பிறகு ரத்தானது நினைவிருக்கும். அஸ்திவாரம் தோண்டின பிறகு நிறுத்துவதால் கட்டியவருக்கும் நஷ்டம், ஊருக்கும் மனக்கசப்பு. எந்தச் சாலையிலிருந்து, எந்தப் படகுத்துறையிலிருந்து பகோடா தெரிய வேண்டும் என்று கோடு போட்டு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இந்தச் சண்டையே வராது.

சரி, எங்கேதான் கட்டுவது? போஜோ சாலைக்கு வடக்கே ரயில் பாதை கிழக்கு மேற்காகப் போகிறது. இப்போதுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டடம் 1954-ல் திறந்தது. அந்தப் பர்மியக் கூரை அடுக்குகளைத் தொடவே கூடாது. ஆனால் நிலையத்தைச் சுற்றிக் கிடங்கு, பழைய குவார்ட்டர்ஸ், தண்டவாளம் என்று 60 ஏக்கருக்கு மேல் ரயில்வே நிலம் இருக்கிறது. அதை மேம்படுத்தப் பெரிய திட்டம் ஒன்று வந்தது, நடக்கவில்லை. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு டவுனில் பல வேலைகள் பாதியில் நிற்பது உங்களுக்கே தெரியும். திட்டம் நின்றாலும் இடம் சரியான இடம்.

ஏன் என்று சொல்கிறேன். ஷ்வேடகோன் சூலேயிலிருந்து வடமேற்கில் இருக்கிறது. பன்சோடான் மேம்பாலத்துக்குக் கிழக்கே, தெய்ன்பியூ சாலைப் பக்கமாகக் கோபுரங்களைச் சேர்த்து நிறுத்தினால் டவுன் தெருக்களிலிருந்து பகோடாவைப் பார்க்கும் பாதையில் அவை வராது. மேற்குப் பக்கத்தைத் தாழ்வாகவே விட்டுவிட வேண்டும். மண் அங்கேயும் அவ்வளவு கெட்டியில்லை, பசுண்டாங் ஓடைப் பக்கம் போகப் போக வண்டல்தான். ஆனால் இருபத்தைந்துக்கு ஐம்பது மனைக்கும் பல ஏக்கர் நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பெரிய நிலத்தில் மண்ணை ஒழுங்காகச் சோதித்து, கெட்டித் தட்டு வரை பைல் இறக்கி, பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடாமல் தள்ளி நின்று தோண்டலாம். ஒட்டிய சுவர் இல்லை. தீயணைப்பு வண்டி நான்கு பக்கமும் சுற்றி வரும். புதிதாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அங்கேயே அமைக்கச் சொல்லலாம், பழைய குழாயில் கை வைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலிலேயே ரயில். 46 கிலோமீட்டர் ஊரைச் சுற்றி வரும் சர்க்குலர் ரயில் இன்செய்ன், தமாய்ன் பக்கமெல்லாம் தொட்டு வருகிறது. இருபதாயிரம் பேர் வேலைக்கு வரும் கோபுரங்களை ரயிலடியில் வைக்காமல் கார் நகர இடமில்லாத தெருவுக்குள் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொன்றும் பாருங்கள். கோபுரங்கள் ஏற்கெனவே தாமாகவே போஜோ சாலைப் பக்கம்தான் போயிருக்கின்றன. சூலே சாலை முனையில் இருபது மாடி சகுரா டவர், 1996-ல் டிரேடர்ஸ் என்று திறந்து இப்போது ஷாங்ரி-லாவாக இருக்கும் ஹோட்டல், ஸ்காட் மார்க்கெட் பக்கத்தில் 2017-ல் வந்த ஜங்ஷன் சிட்டி. 144 அடி உயர சூலே பகோடாவுக்கு இவற்றில் சில ரொம்பக் கிட்டே வந்துவிட்டன என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் 100 அடிச் சாலையில் நிற்பதால் தெரு தாங்குகிறது. அதனால்தான் பெரிய சாலை முனைகளில் பன்னிரண்டு மாடி வரை விடலாம் என்கிறேன். அதுவும் கீழ்ப்பகுதி பக்கத்துக் கட்டட வரிசையோடு நின்று, மேல் மாடிகள் உள்வாங்கியிருக்க வேண்டும். நகராட்சிப் பட்டியலில் உள்ள 189 பாரம்பரியக் கட்டடங்களை ஒட்டி அதுவும் வேண்டாம்.

ஆற்றங்கரையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண் மிக மெத்து, ஏற்றத்தில் தண்ணீர் ஏறும், ஸ்ட்ராண்ட் சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரி. முதல் வரிசையில் கோபுரச் சுவர் எழுப்பினால் டவுனுக்குள் வரும் தென்மேற்குக் காற்று நின்றுவிடும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: எல்லோருக்கும் வீடு கிடைக்குமே என்கிறீர்கள். 2016-ல் வந்த காண்டோமினியம் சட்டம், காண்டோ (தனித்தனி வீடாக விற்கும் அடுக்குமாடி) என்று பதிய குறைந்தது ஒரு ஏக்கர் நிலம் கேட்டது. இருபத்தைந்துக்கு ஐம்பது மனை 1,250 சதுர அடி. ஒரு ஏக்கருக்கு 35 மனை சேர வேண்டும். அந்த 35 மனையிலும் இப்போது ஆறு முதல் எட்டு மாடி. குறைந்தது இருநூறு, இருநூற்றைம்பது குடும்பம். அதாவது ஒரு நம்பர் தெருவின் ஒரு பக்கத்தையே முழுசாகத் துடைத்தால்தான் ஒரு கோபுரத்துக்கு அவ்வளவு நிலம் கிடைக்கும். அந்த இருநூறு குடும்பமும் திரும்பி வருமா? சொந்தக்காரர் ஒருவேளை வருவார். வாடகைக்கு இருப்பவர், கீழே தையல் மிஷின் போட்டிருப்பவர், மாடிப்படிக்கு அடியில் டீக்கடை வைத்திருப்பவர் வர மாட்டார்கள். 1958, 59-ல் டவுனிலிருந்து ஏழைகளைக் கிளப்பி தக்கேத்தாவிலும் ஒக்கலாப்பாவிலும் குடியேற்றியபோது நம் ஆட்களும் அதில் போனார்கள். என் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் தக்கேத்தாவுக்குப் போனது. பல வருஷம் வெள்ளிக்கிழமை காளி கோவிலுக்கு வர சித்தி இரண்டு பஸ் மாறி வந்தாள்.

1871-ல் தமிழர்கள் கட்டிய கோவில் அது. நடந்து போகும் தூரத்தில் சோலியா பள்ளிவாசல். ஒரு காலத்தில் செட்டியார்கள் கிட்டங்கி (தொழில் நடத்தும் இடம்) வைத்திருந்த மொகல் தெரு, இப்போதைய ஷ்வேபோன்தா. மசாலாக் கடை, பருப்புக் கடை, பூக்கட்டுபவர், தோசைக் கல். கோவில்கள் இடிபடாது, அது தெரியும். ஆனால் சுற்றி இருப்பவர்கள் போய்விட்டால் கோவிலுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கிருந்து வரும்? சிங்கப்பூர் 1989-ல் தன் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அங்கே கடைவீடுகள் இரண்டு மூன்று மாடியிலேயே நிற்கின்றன, கோபுரங்கள் ராஃபிள்ஸ் பிளேஸிலும் கடலைத் தூர்த்த மரினா பே நிலத்திலும் நிற்கின்றன. கட்டடம் தப்பியது, குடியிருந்தவர்களில் பலர் தப்பவில்லை என்ற குறை அங்கேயும் உண்டு. நாம் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

மனை வைத்திருப்பவருக்கு நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நம்பர் தெருவில் கட்ட முடியாமல் போகும் உயரத்தை, ஒரு உரிமையாக, ரயில்வே நிலத்தில் கோபுரம் கட்டுபவருக்கு விற்க அனுமதிப்பது. அந்தப் பணத்தில் பழைய கட்டடத்தைச் செப்பனிடலாம். மும்பையில் 1991 முதல் இப்படிச் செய்கிறார்கள். அங்கே செய்த தவறு, வாங்கிய உரிமையைச் சாலையும் குழாயும் இல்லாத புறநகர்களில் கொட்ட விட்டது. இங்கே உரிமையைப் பயன்படுத்தும் இடம் ரயில்வே நிலம் மட்டும்தான் என்று கட்டிப்போட வேண்டும்.

நம்பர் தெருக்களுக்குள் எதையும் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1990களில் கட்டிய பல அடுக்குகளின் கம்பி துருப்பிடித்து காங்கிரீட் உரிந்து விழுகிறது. எத்தனை பால்கனியின் அடியில் நின்று பார்த்திருக்கிறேன். அவற்றைத் திரும்பக் கட்டத்தான் வேண்டும். இரண்டு மூன்று மனைக்காரர்கள் சேர்ந்து, அதே எட்டு மாடிக்குள், நடுவில் ஒரு லிஃப்டும் ஒரே மாடிப்படியும் வைத்துக் கட்டினால் பின்சந்துக்கு இடம் மிஞ்சும், ஐந்தாவது மாடி அம்மா கீழே இறங்கி வருவாள்.

உங்கள் வீடு எந்தத் தெரு என்று நீங்கள் சொல்லவில்லை. யாராவது காண்ட்ராக்டர் வந்து பெரியவர்களிடம் கையெழுத்துக் கேட்டிருந்தால், விலை பேசுவதற்கு முன் மூன்று காகிதம் கேளுங்கள்: அந்த மனையிலேயே துளை போட்டு எடுத்த மண் பரிசோதனை அறிக்கை, குழித் தண்ணீரை எப்படி இறைக்கப் போகிறார் என்ற திட்டம், இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் இப்போதுள்ள விரிசல்களின் தேதி போட்ட புகைப்படங்கள். மூன்றும் கையில் வந்த பிறகு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.